அறுபத்து மூன்று எழுத்துகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நேப்பிள்ஸ் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் பிலிம் படிப்பதென்றால் நுன்ஸியாத்தாதான். விளக்குப் பெட்டிமேல் எக்ஸ்ரே பிலிமை விரித்து, நான்கு வரிசையாக ஏறும் கறுப்புக் கோடுகளைக் கீழிருந்து மேலாக உரக்கச் சொல்வாள். பக்கத்தில் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஸ்கோத்தி எழுதிக்கொள்வார். அந்தக் கோடுகள்தான் மரபணுவின் நான்கு எழுத்துகள்: ஏ, சி, ஜி, டி. சி, ஜி, டி எல்லாம் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் எழுத்துக்கு ஓர் ஊர்ப்பெயர். "அங்கோனா, தொரீனோ, தொரீனோ, கோமோ, ஜெனோவா..." அந்த நாலு ஊரில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. பதினொரு வருடமாகப் பிசகே கிடையாது என்ற கர்வம் மட்டும் மலையளவு இருந்தது.

அப்போது கையிலிருந்தது நஞ்சுக்கொடியில் சுரக்கும் வளர்ச்சிக் காரணி என்ற ஒரு புரதத்தின் மரபணு. செல் அதிலிருந்து எடுத்த இரண்டு நகல்களைப் படித்தார்கள். முதல் நகலில் இருந்த அறுபத்து மூன்று எழுத்துகள் இரண்டாவதில் இல்லை.

"என்னம்மா, நடுவுல அறுபத்து மூணு எழுத்தை முழுங்கிட்டீங்களே!"

"முழுங்கறதுக்கு அதென்ன நெத்திலி மீனா, டாக்டர்? இருந்ததைத்தான் சொன்னேன்."

அந்த இடத்தில் கோடுகள் நெருங்கிப் புகைபோலக் கிடந்தன. அவருக்கே ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் 'படித்தவர் பிழை' என்று நோட்டில் பேனாவால் எழுதினார். அன்றோடு பிலிம் வேலை போய், நுன்ஸியாத்தா கண்ணாடிக் குடுவைகள் கழுவப் போனாள்.

கண் டாக்டரிடம் காட்டினாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். அவள் கேட்கவில்லை. சந்தையில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். அதைப் போட்டதும் தலைவலி வந்தது. கழற்றவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்த மரபணுவையே முழுசாகப் படித்து முடித்தார்கள். அது ஏழு துண்டுகளாகக் கிடந்தது. நடுநடுவே நீளநீளமாக வேண்டாத எழுத்துகள். நகல் எடுக்கும்போது செல் அவற்றை வெட்டியெறிந்து துண்டுகளைத் தைத்துக்கொள்கிறது. ஆறாவது துண்டு சரியாக அறுபத்து மூன்று எழுத்து. செல் அதைச் சில நகல்களில் சேர்க்கிறது, சிலவற்றில் விட்டுவிடுகிறது.

மன்னிப்புக் கேட்க டாக்டர்களுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை. ஸ்கோத்தி ஒரு காபியோடு கழுவுதொட்டி அருகே வந்து நின்றார்.

"ரெண்டு நகலும் சரிதாம்மா. நீங்க படிச்சதும் சரி. நாளைக்கே பிலிமுக்கு வந்துடுங்க."

நுன்ஸியாத்தா கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு கண் டாக்டர் அப்பவே சொன்னார். நான் அவரை நம்பல, டாக்டர். உங்களைத்தான் நம்பினேன்."