வாத்தியாரம்மா ஆகப் பட்ட பாடு

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று பெரியவர்களிடம் நிரூபிப்பதுதான் உயிரை எடுக்கும். அறுபதுகளில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து, பாடக்குறிப்பு எழுதி எழுதி விரல் வீங்கிய சகோதர சகோதரிகளே, நீங்கள்தான் எனக்குச் சாட்சி.

காஞ்சிபுரத்தில் எங்களுடையது பட்டுத்தறி வீடு. அப்பா நெய்தது கோர்வைப் புடவை. அதில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதனால் நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து, கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இன்னொரு ஆள் நான். எனக்கு அந்த வேலை அறவே பிடிக்காது. முதுகு விட்டுப்போகும். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் டிரெயினிங்தான் போவேன் என்று அழுது அடம்பிடித்தேன். என் இடத்தில் அம்மா உட்கார ஒத்துக்கொண்ட பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். "ஒரே தடவைதான். பாஸானா வாத்தியாரம்மா. பெயிலானியோ, பேசாம தறிக்கு வந்துடணும்" என்றார்.

தொண்டை

முதல் மாதிரிப் பாடத்துக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். தறி வீட்டில் பிறந்தவளுக்கு மெல்லப் பேசத் தெரியுமா? எங்கள் வீட்டில் சாதத்துக்கு உப்பு வேண்டுமென்றாலும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் கிடைக்கும். "பசு ஒரு வீட்டு விலங்கு" என்று ஆரம்பித்ததுமே முன் வரிசைப் பெண் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்!

பாடம் முடிந்து வெளியே வந்தால், பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்த என் தோழி ருக்மணி அழாத குறையாக நிற்கிறாள். தாமல் பக்கத்து விவசாய வீட்டுப் பெண், சாதுவானவள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நான் அங்க பூகோளம் நடத்திக்கினு இருக்கேன், மழை எங்கேந்து வருதுன்னு கேட்டா, என் பசங்க எல்லாம் பசு மாடுன்னு சொல்லுதுங்கடி!"

நெசவுத் தெருப் பெண்

கைத்தொழில் பாடத்தில் தக்ளியைச் சுழற்றிப் பருத்தி நூல் நூற்க வேண்டும். கைத்தொழில் ஆசிரியர் தங்கமான மனுஷர். நான் எந்தத் தெரு என்று கேட்டவர், "அட, நெசவுத் தெருப் பொண்ணா! நீ முன்னாடி வாம்மா, எல்லாருக்கும் செஞ்சு காட்டு" என்று நடுவில் உட்கார வைத்துவிட்டார். வந்தது வம்பு. எங்கள் வீட்டுக்குப் பட்டு நூலாகவே வந்து இறங்கும். அதற்குச் சாயம் போடத் தெரியும், பாவு ஓட்டத் தெரியும், நெய்யத் தெரியும். நூற்பதை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை.

வாய்விட்டுச் சொல்லக் கௌரவம் விடவில்லை. சுழற்றினேன், பஞ்சு பிய்ந்துகொண்டு வந்தது. மறுபடி சுழற்றினேன், தக்ளி உருண்டோடி ஆசிரியர் காலடியில் போய் நின்றது. ருக்மணியோ மூலையில் உட்கார்ந்து மாலை தொடுப்பதுபோல் நூற்றுத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் தக்ளியை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். "பரவால்லம்மா, டாக்டர் வீட்டுப் பசங்களுக்கும் ஊசி போடத் தெரியறதில்ல."

பழம் தின்று கொட்டை போட்டவர்கள்

பயிற்சிப் பள்ளியை ஒட்டி ஒரு மாதிரிப் பள்ளி உண்டு. நாங்கள் பாடம் நடத்திப் பழகுவதற்கென்றே அங்கே பிள்ளைகள். வருஷா வருஷம் புதுப்புது டீச்சர் வந்து அதே பாடத்தை அதே மாதிரி நடத்தியதில், அவர்களுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். நான் வகுத்தல் கணக்குக்காகப் புளியங்கொட்டையைக் கைக்குள் மறைத்து வைத்து, ஆவலைத் தூண்டுகிறேனாம், "டீச்சர் கையில என்ன இருக்குது, சொல்லுங்க பாக்கலாம்?" என்றேன். "புளியங்கொட்டை!" என்று வகுப்பே கூவியது.

பின்னால் விரிவுரையாளர் அம்மா உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. முன் வரிசையில் ஒரு வாண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டது. குனிந்தேன். காதோடு சொன்னது: "இப்ப எங்கள வட்டமா உக்கார வைக்கணும் டீச்சர். அப்பால வெரி குட் சொல்லணும்."

பரீட்சை அன்று

கடைசியாக வந்தது செயல்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, நாம் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார். இதில் போனால் எல்லாம் போச்சு. பங்குனி உற்சவ சமயம் வேறு. எங்கள் ஊரில் தெருவில் சாமி வந்தால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து கும்பிட வேண்டும். அன்றைக்கு அறுபத்து மூவர் புறப்பாடு. கணக்குப் பாடம் பாதியில் இருக்கும்போது மேளச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் நெளிந்தார்கள். "யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று அதட்டினேன்.

மேளம் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டது. அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? சாக்பீஸை வைத்தேன், செருப்பைக் கழற்றினேன், அதிகாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய்க் கும்பிட்டு நின்றேன். பிறந்ததிலிருந்து பழகின கையும் காலும் என்னைக் கேட்டா செய்யும்? பிள்ளைகள் மொத்தமும் என்னைச் சுற்றி. பல்லக்குகள் எல்லாம் கடந்து மேளம் தெருமுனை திரும்பிய பிறகுதான், ஐயையோ, பரீட்சை என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தால் அதிகாரி இருந்த இடம் காலி. கோபித்துக்கொண்டு போய்விட்டார், இனி ஆயுசுக்கும் கோர்வைதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாக உள்ளே வந்தார் மனிதர். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு தேங்காய் மூடி. அதை மேஜை மேல் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "எந்தக் கணக்குலம்மா விட்டீங்க? அதுலேந்தே ஆரம்பிங்க. நடுவுல நீங்களும் என்னைப் பாக்கல, நானும் உங்களைப் பாக்கல."

ரிசல்ட்

ரிசல்ட் அன்றைக்குப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ருக்மணியை அனுப்பிவிட்டு, தறிக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருக்கோடியிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள்: "பாஸுடி! ரெண்டு பேரும் பாஸு!" அப்பாடா! தலையிலிருந்து மலையையே இறக்கி வைத்ததுபோல் இருந்தது. சிரித்தேனா, அழுதேனா, எனக்கே தெரியாது. அப்பா ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, நல்லது" என்றார். அம்மா நாடாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "உன் இடுப்பு பொழைச்சுதும்மா. நீ நாற்காலில உக்காந்து வேலை செய்யறதை ஒரு நாள் நான் வந்து பாக்கணும்."

சொன்னபடி வந்தாள் அம்மா. எனக்கு வேலை கிடைத்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே நாற்காலிக்கு மூன்று கால்தான் என்பதால், அதைச் சுவரோடு முட்டுக் கொடுத்து அம்மாவை உட்கார வைத்துவிட்டு, நான் நின்றுகொண்டே நிம்மதியாகப் பாடம் நடத்தினேன்.