வெறுங்கையோடு அனுப்பாத ஸ்டெல்லா

நெருளுக்குப் போகிற வழியில், மும்பை ட்ராம்பே படகுத்துறையில் மீன் விற்கும் தூத்துக்குடிக்காரி ஸ்டெல்லாவின் கூடையருகே நிற்கிறேன். ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் வந்திருக்கிறாள். இந்தக் கடல் ஓடைக்கென்று தனி மடவை மீன் இனம் உண்டென்று மரபணுவில் தெரிந்தால், ஓடையை மண் போட்டு மூடுவதைத் தடுக்கலாமாம். போன மாதம் ஸ்டெல்லா கொடுத்த மீன்களின் வால் நுனியைச் சோதனைக்கு நறுக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

“எல்லாமே குஜராத் பக்கத்து மீனு, அக்கா. ஓடை மீன் ஒண்ணுகூட இல்ல.”

ஸ்டெல்லா தலை குனிகிறாள். “அன்னைக்கி வலையில ஒண்ணும் விழல. தேடி வந்த புள்ளய வெறுங்கையோட அனுப்பலாமா? மார்க்கெட்ல வாங்கிக் குடுத்துட்டேன்.”

“அய்யோ அக்கா!”

நான் அந்தப் பெண்ணிடம் தயங்கிக் கேட்கிறேன். “இப்ப ஓடை மீன் ஒண்ணு குடுத்தா ஆகாதா தாயி?”

ஸ்டெல்லா முந்திக்கொள்கிறாள். “எங்க வீட்டுக்காரரு அன்னையிலயிருந்து தெனமும் வலை போடுதாரு ஆச்சி. ஒண்ணாவது கெடைச்சாத்தான குடுக்க?”