என் பயலுக்குப் போட்ட டூப்

நாய் நடித்த பழைய படம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஊமைப்பட காலத்தில் ரசிகர் கடிதம் மூட்டை மூட்டையாய் வந்த நாய், டிவி வந்த புதிதில் வாரம் ஒரு குழந்தையைக் காப்பாற்றிய நாய், எல்லாம் என் போனில் இருக்கிறார்கள். கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் ஏற்றிவைத்து, டியூஷன் பிள்ளைகள் போனதும் பார்க்க உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் எங்கள் பயல் படுத்திருப்பான். இங்கே பர்மாவில், தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் வடிகாலிலிருந்து, ஒரு மழையில் நான் தூக்கிவந்த செவலை நாய். இடது காதின் நுனியை அதற்கு முன்பே எதுவோ கடித்து எடுத்திருந்தது.

படம் பார்க்கும்போது என் வாய் சும்மா இருக்காது. திரையில் ஒரு நாய்தான், ஆனால் ஓடுவதற்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, முகத்தைக் கிட்டத்தில் காட்ட ஒன்று வைத்திருப்பார்கள். நெற்றிக் கோடு எங்கே மாறுகிறதென்று நிறுத்திக் காட்டுவேன். "மமா, நாய்க்கெல்லாமா டூப்பு?" என்று சிரிப்பாள் என் தம்பி மனைவி. அவள் பர்மாக்காரி, அவர்கள் பாஷையில் அக்காவுக்கு மமா; என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

தம்பிக்குக் கியாக்டடாவில் வேலை. விளம்பரப் படம் எடுக்கிற ஒரு சின்ன இடத்தில் லைட் பிடிக்கிறவன். நாங்களெல்லாம் சேர்ந்திருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர், நாயை வைத்திருந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி இரண்டு தடவை வந்துபோன பிறகு, ஒரு சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"அக்கா, நம்ம பயலுக்கு சான்ஸ் வந்திருக்கு. பழைய சினிமா நாயோட கதை. ஹீரோவே அவன்தான்."

"போடா, யார்கிட்ட கதை விடுற?"

"சத்தியமா அக்கா. மூணு மாசம் பழக்குறவர் வீட்டுலயே இருக்கணும். நீ மட்டும் அந்தப் பக்கம் வந்துடாதே. உன்னைப் பார்த்தா அவன் வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டான்."

அது நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சங்கதி. சினிமா நாய் நடிகனைப் பார்ப்பதில்லை, கேமராவுக்குப் பின்னால் நிற்கிற பழக்குபவரைத்தான் பார்க்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அதையே எனக்குத் திருப்பிச் சொன்னான், நானும் மண்டையை ஆட்டினேன். பயலைக் குளிப்பாட்டி, தனாக்கா மரப்பட்டையை அரைத்து நெற்றியில் பொட்டு வைத்து, நானே டாக்ஸியில் ஏற்றிவிட்டேன்.

வாரா வாரம் ஒரு வீடியோ காட்டுவான். பயல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பான், தட்டில் சோறு தின்பான். மூன்றாவதோ நான்காவதோ வாரம் ஒரு வீடியோவில் ஓடினான். இடது காது முழுசாக இருந்தது. கண்ணால் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும், "இது நம்ம நாய் இல்லையே" என்று அந்த இடத்திலேயே சட்டையைப் பிடித்திருப்பார்கள். நான்தான் எல்லாம் தெரிந்தவளாயிற்றே!

"அடேயப்பா, ஓடுற காட்சிக்கு டூப் போட்டிருக்காங்களாடா!" என்றேன்.

தம்பி போனை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான். "ஆமாக்கா. டூப்புதான்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். மறுநாள் நான் பஜ்ஜி சுட்டு, மாடிக்கு மாடி கொண்டுபோய்க் கொடுத்து, என் பயலுக்கு டூப் போடுகிறார்கள் என்று பெருமை அடித்துவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவள்.

மூன்று மாதம் முடிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கியாக்டடாவுக்கு பஸ் ஏறினேன். ஆபீஸில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாய் வைத்து அவர்கள் படமே எடுத்ததில்லையாம். விளம்பரங்களெல்லாம் சோப்புக்கும் தேயிலைக்குந்தானாம். தம்பி கீழே ஓடிவந்து, கையைப் பிடித்து என்னை நடைபாதைக்கு இழுத்துப்போனான்.

"எங்கடா அவன்?"

"இன்சீன் பக்கம் ஒரு பொங்கி மடத்துல, புத்த சாமியாருங்ககிட்ட விட்டேன் அக்கா. ஊர்ல எல்லாரும் அங்கதானே விடுறாங்க. சும்மா விடலை, ஒரு மூட்டை அரிசி தானம் பண்ணேன். உன் பேர்லதான் எழுதச் சொன்னேன். புண்ணியம் உனக்குத்தான்."

என் நாயை என்னிடமிருந்து பிடுங்கி, அதன் புண்ணியத்தையும் என் தலையிலேயே கட்டியிருக்கிறான். எதிரே இருந்த சூலே பஸ் நிறுத்தம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அடுத்த ரயிலில் இன்சீன் போகிறேன், என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், வீட்டுக்காரன் வேண்டுமானால் என்னையும் சேர்த்துத் துரத்தட்டும் என்றேன்.

"போகாதே அக்கா."

"ஏன்டா?"

அவன் தரையைப் பார்த்தான். மூன்றாவது வாரமே மடத்து நாய்களோடு சண்டை போட்டுச் செத்துவிட்டதாம். இவனே போய்ப் புதைத்துவிட்டு வந்தானாம். அதற்குப் பிறகு ஓட்டக் காட்சியாகவே காட்டியதெல்லாம் அங்கே இருந்த வேறொரு செவலை.

"செத்தப்பவாவது சொல்லியிருக்கலாமேடா, பாவி!"

"சொல்லத்தான் அக்கா வந்தேன். காதைப் பார்த்ததும் நீயே கண்டுபிடிச்சுடுவே, அப்பச் சொல்லிடலாம்னு இருந்தேன். அந்த வீடியோவைப் பார்த்துட்டு நீயே டூப்புன்னுட்டே. பஜ்ஜியெல்லாம் சுட்டே. நான் என்ன பண்ண? இத்தனை நாளும் நீ சந்தோஷமாத்தானே இருந்தே?"

இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி இருந்ததே இல்லை. பயல் மண்ணுக்குள் கிடந்த நாளெல்லாம் இருந்தேன். அதனால்தான் அவனோடு இன்னும் பேசவில்லை.