வயிறு உப்பியபோது விளக்கெண்ணெய் குடித்தேன்

காஹாங் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் கூலியாகத் தொடங்கி, பள்ளிக்கூடம் போகாமலே சொந்த லாரியும் கல்வீடும் கண்டவன் நான். அன்று வயிறு உப்பி வாந்தி வந்தது. வாயு என்று நானே முடிவுகட்டி விளக்கெண்ணெய் குடித்தேன். வலியில் உயிரே போய்விட்டது. மகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"பேதிக்கா குடிச்சீங்க அங்கிள்? பழைய ஆபரேஷன் தழும்புல குடல் அடைச்சிருக்கு, இன்னும் கொஞ்சத்துல வெடிச்சிருக்கும்!" என்றார் டாக்டர். மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் காலிசெய்து, எக்ஸ்ரேயில் தெரியும் கசப்பு மருந்தைக் குடிக்கச் சொன்னார். "இது பெருங்குடலுக்கு இறங்கலன்னா வயித்தக் கிழிக்கணும்."

கோப்பையை வாயருகே கொண்டுபோய் அழுதேன்.

"ஊருக்கே தவுக்கே, பெரிய முதலாளி, ஒரு கப் மருந்துக்கு அழுறீங்களே! கக்கிடாதீங்க லா, அப்பா," என்ற மகளும் அழுதாள்.

மருந்து பெருங்குடலுக்கு இறங்கியது, வயிற்றைக் கிழிக்கவில்லை. இப்போதெல்லாம் வயிறு உப்பினால் எதையும் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி, பழைய ஆபரேஷனை முதலில் சொல்கிறேன். எல்லாரும் மருந்தைத்தான் புகழ்கிறார்கள். அதைக் கக்காமல் அடக்கியவன் நான். அதையும் கணக்கில் சேர்த்துப் போடுங்கள்.