சிலிண்டருக்கு இருந்த இடம்

தீக்குச்சி உரசும் சத்தம், உடனே "பப்" என்று கேஸ் பற்றும் சத்தம், அதன் பின்னாலேயே சண்டை: ஜீவனஹள்ளியில் என் காலைகள் இந்த வரிசையில்தான் விடிந்தன. நாங்கள் குடியிருந்தது ஒரு "வட்டாரா", ஒரே முற்றத்தைச் சுற்றி ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிட்டதால், தொண்ணூறுகளின் அந்தக் கோடை விடுமுறையில் அம்மா வெயிலுக்குப் பயந்து உள்ளேயே பூட்டி வைத்திருந்த எனக்கு, அடுத்த வீட்டுப் பேச்சும் தாளிப்பும்தான் பொழுதுபோக்கு.

அடுத்த வீட்டில் இரண்டு ஆண்ட்டிகள், இருவரும் கணவனை இழந்தவர்கள். வீடு ரோஸ்லின் ஆண்ட்டியின் பெயரில், பழைய வாடகை. கேஸ் சரோஜா ஆண்ட்டியுடையது. பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தால்தான் சிலிண்டர் கிடைக்கும் காலம் அது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று, கொஞ்சத்தைக் கன்னடத்தில் சொல்லி, ஓர் அறையில் சேர்ந்தார்கள். தனி வீடு பார்க்க சரோஜா ஆண்ட்டிக்கு வசதியில்லை. மண்ணெண்ணெய்ப் புகை பட்டால் ரோஸ்லின் ஆண்ட்டிக்கு இழுப்பு வந்துவிடும். பிரிய முடியாது என்று தெரிந்தே, அவ்வளவு தைரியமாகச் சண்டை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதான் உச்சம். ரோஸ்லின் ஆண்ட்டிக்கு அன்று கறி ஆகாது, மீன் வேண்டும். சரோஜா ஆண்ட்டிக்கோ அன்று மீனே ஆகாது.

"என் அடுப்புல வெள்ளிக்கிழம மீன் ஏறாது, சொல்லிட்டேன்!"

"அப்ப என் வீட்ல உன் அடுப்புக்கு என்னா வேல? தூக்கினு போ!"

"போவேன், பாத்துக்குனே இரு. எம்பொண்ணு கூப்ட்டுனேதான் இருக்கா."

கூப்பிட்டது உண்மைதான். பொம்மசந்திராவில் மருமகனுக்குக் கம்பெனி வேலை; மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று அலுத்த மகள், "அம்மா, வரும்போது சிலிண்டரோட வந்துடு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு திங்கட்கிழமை ஆட்டோ வந்தது. சிலிண்டர், அடுப்பு, டிரங்குப் பெட்டி, கடைசியாக சரோஜா ஆண்ட்டி. ரோஸ்லின் ஆண்ட்டி வாசலுக்கே வரவில்லை.

அன்று முதல் சுவருக்கு மேலாகப் புகைதான் வந்தது. பரணில் கிடந்த பம்பு ஸ்டவ்வை இறக்கி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் காற்றடிப்பதும், நிறுத்தி இருமுவதும், மறுபடி அடிப்பதும் கேட்கும். அம்மா கொண்டுபோன குழம்பையும் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த இழுப்பைக் கேட்டுக் கேட்டு எனக்கே மூச்சு முட்டியது. ஓடிவிடலாமென்றால் எங்கள் கதவில் பூட்டு.

விடுமுறை முடிவதற்குள் ஆட்டோ திரும்பி வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பெட்டி இறங்கியது, சரோஜா ஆண்ட்டி இறங்கினார், ஆட்டோ போய்விட்டது. வாசலில் நின்ற ரோஸ்லின் ஆண்ட்டி அவர் முதுகுக்குப் பின்னால் தேடினார்.

"சிலிண்டர் எங்க?"

"அதுக்கு அங்க எடம் இருந்துது."

ரோஸ்லின் ஆண்ட்டி இருமிக்கொண்டே வழிவிட்டார்.

"சரி, உள்ள வா. தெருவுல நின்னு எல்லாருக்கும் படம் காட்டாதே."

மறுநாளே ஸ்டவ் முற்றத்துக் குழாயடிக்கு வந்துவிட்டது. காற்றடிப்பது சரோஜா ஆண்ட்டி, உள்ளிருந்து அதட்டுவது ரோஸ்லின் ஆண்ட்டி. அந்த வெள்ளிக்கிழமை, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் வாலைப் பிடித்து, சரோஜா ஆண்ட்டி மத்தி மீன் பொரித்தார்.

"திருப்பிப் போடு சரோஜா, தீயுது!"

"பாக்காம எப்டித் திருப்புறது? சும்மா இரு, உன் அடுப்புதானே இது!"

அந்த "வட்டாரா"வை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இப்போது நானிருக்கும் ஃப்ளாட்டில் போன் செய்தால் சிலிண்டர் வாசலுக்கு வருகிறது. சுவர்கள் கூரைவரை போகின்றன. அடுத்த வீட்டில் வயதான இருவர் இருக்கிறார்களாம், வாட்ச்மேன் சொன்னான். அவர்கள் இருமி இதுவரை நான் கேட்டதில்லை.