பூஜையில் வைத்த ரிமோட்

சென்ற ஆண்டு விஜயதசமி காலை, பீர்க்கன்கரணையில் எங்கள் காலனித் தெருவில் நடந்தது இது.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ரிமோட் கார் பைத்தியம். பொம்மைக் கார் இல்லை. ரேஸ் காரை முழங்கை நீளத்துக்குச் சுருக்கியது போலிருக்கும், பைக் வேகத்தில் பறக்கும். ஸ்பிரிங்கை மாற்றுவாள், சக்கரத்தின் சாய்வைத் திருத்துவாள், வளைவில் பின்பக்கம் வழுக்குகிறதா என்று பார்ப்பாள். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் காரை ஒரு டப்பாமேல் தூக்கிவைத்து, ரிமோட்டைத் திருப்பினால் சக்கரம் சரியான பக்கம் திரும்புகிறதா என்று சோதிப்பாள். எனக்கோ, யார்மேலாவது மோதிவிடுமோ என்ற பயம்தான் எப்போதும்.

ஆயுத பூஜைக்கு என் லேப்டாப், கணவரின் ஸ்கூட்டர் சாவி இவற்றோடு அவள் காரையும் ரிமோட்டையும் வைத்தோம். ரிமோட்டை ஈரத்துணியால் இண்டு இடுக்கு விடாமல் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டது நான்.

பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்துப் பயன்படுத்த வேண்டுமே. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்காக வீடியோ எடுக்க நினைத்தேன். அவள் வழக்கம்போல் டப்பாவைத் தேடினாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று நான் அவசரப்படுத்தினேன்.

"டூ மினிட்ஸ்மா, செக் பண்ணிக்கறேன்."

"நேத்து சாமிகிட்ட வச்சதுடி, ஒண்ணும் ஆகாது. விடு."

விட்டாள். தெரு காலியாகத்தான் இருந்தது. கார் வேகமெடுத்த நேரத்தில், இடப்பக்க வீட்டு கேட்டிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை ஓடிவந்தது. மகள் காரை வலப்பக்கம் திருப்பினாள். அது இடப்பக்கம், குழந்தையை நோக்கியே திரும்பியது. பிரேக்கை அழுத்தினாள். கார் சுழன்று, குழந்தையின் காலுக்கு ஒரு சாண் தள்ளி, அந்த வீட்டுப் படிக்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. குழந்தை கை தட்டிச் சிரித்தது. அதன் அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

நான் மகள்மேல் பாய்ந்தேன். "கண்ணு எங்கடி இருந்துச்சு உனக்கு? எத்தனை தடவை சொல்லிருக்கேன்?"

அவள் ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டீயரிங் திசையை மாற்றும் குட்டி சுவிட்ச் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் காய்ந்த சந்தனம்.

"இதை யாரும்மா துடைச்சது?" என்று மட்டும் கேட்டாள்.

மாலையில் அந்த வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன்க்கா, ரிமோட்டுக்குமா பொட்டு வெப்பீங்க?" என்று கேட்டுக் குழந்தையின் அம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குழந்தைக்கு அடிபட்டு, அந்தச் சுவிட்ச்சை யாரும் கவனிக்காமல் போயிருந்தால், கவனமில்லாதவள் என்ற பெயர் காலம் முழுக்க என் மகளுக்குத்தான் ஒட்டியிருக்கும். அதை முதலில் சூட்டியிருப்பவளும் நான்தான்.