ஏழு குருத்துக்கு ஒரு தீவு

மன்னாரில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் சரித்திரம் படிப்பித்தேன். பிள்ளைகள் கொட்டாவி விடாமல் கேட்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். கைக்குட்டை திருடியவனையும் ரொட்டி திருடியவனையும் இங்கிலாந்து அரசு கப்பலில் ஏற்றி, கடலுக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிய கதை அது. வழக்கமான தண்டனை ஏழு ஆண்டுகள். அந்தப் பாடம், ஓய்வுக்குப் பிறகு மகளோடு வந்து தங்கிய இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், என் மருமகன் உருவத்தில் வீடு தேடி வரும் என்று நான் நினைத்ததில்லை.

மருமகனுக்கு நகரத்தின் கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில், ஓர் உணவகத்துக் குசினியில் வேலை. குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், தமிழ்ப் பூசைக்கு ஓலை காணாது என்று கோயிலிலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. இங்கே கடைகளில் பின்னிய ஓலை விற்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது சரிவராது, சிலுவையைத் தங்கள் கையாலேயே மடிக்க வேண்டும். மன்னாரில் கோயிலுக்குக் குருத்து வெட்டுவதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. வெட்டிவிட்டுச் சொன்னால் போதும். மருமகனும் அப்படித்தான் செய்தார். குசினிக் கத்தியோடு, உணவகத்திலிருந்து மூன்றாவது வீட்டு மதிலில் ஏறி, உள்ளே நின்ற பேரீச்சையில் ஏழு குருத்து வெட்டினார். பிறகு முன்வாசலுக்குப் போய், நன்றி சொல்வதற்காக மணியை அடித்தார்.

பொலிஸ் வந்தபோது அவர் மணியடித்துக்கொண்டுதான் நின்றார். ஒரு கையில் ஓலை, மறு கையில் கத்தி. உள்ளே எண்பத்தாறு வயது விதவை, தனியாக. பொலிஸைக் கூப்பிட்டது அந்தச் சிஞ்ஞோராதான்; இங்கே வயதான பெண்களை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்.

இந்த நகரத்துப் பேரீச்சைகளைச் சிவப்பு வண்டு தின்று முடித்துவிட்டது. எங்கள் வீடு இருக்கும் பிரான்காச்சோவிலிருந்து பஸ்ஸில் கால்சாப் பகுதிக்குப் போகும்போது தலையில்லாமல் நிற்கும் தண்டுகளை எண்ணுவேன். கடைசியாகப் பார்த்தபோது பதினொன்று. சிஞ்ஞோராவின் வளவில் நின்ற நான்கில் மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

குற்றம் உறுதியானால் மருமகனின் பெர்மெஸோவை, அதாவது இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிப்பது கடினம், அதன் பிறகு நாட்டை விட்டு வெளியேறச் சொல்வார்கள் என்றார் வழக்கறிஞர். எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். சில்லறைத் திருடர்களைக் கடல்கடத்தும் தீவு என்று நான் வகுப்பில் எத்தனையோ காட்டியிருக்கிறேன். இலங்கையைச் சுட்டிக் காட்டியதில்லை.

"ஏழு குருத்து. குருத்துக்கு ஒரு வருஷம் எண்டாலும் சரியா ஏழு வருது," என்றேன் வீட்டில்.

"மாமா, நான் கோயிலுக்குத்தானே வெட்டினனான்."

"கோயிலுக்கு வெட்டினவர் ஏன் அவையின்ரை மணியை அடிச்சனீங்கள்? பேசாமல் வந்திருக்கலாமே," என்றாள் மகள்.

"சொல்லாமல் வந்தால் களவெல்லோ?"

மகள் சிரிக்கவில்லை. ஆறு வயதுப் பேத்திக்கு, அப்பா அனுப்பப்படக்கூடிய இடம் எதுவென்றே தெரியாது. அவள் பிறந்தது இங்கே.

முறைப்பாடு செய்தவரே அதை மீளப் பெற்றால் வழக்கு நிற்காது என்பதால், மகளும் நானும் ஒரு கேக்கோடு மொண்டெல்லோவுக்குப் போனோம். நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். சிஞ்ஞோரா கேக்கைத் தொடவில்லை. மதில் எவ்வளவு உயரம் தெரியுமா என்று கேட்டாள். பிறகு மகளிடம், எனக்குப் பிடிபடாத வேகத்தில் இத்தாலியனில் நிறையப் பேசினாள்.

"என்னவாம்?" என்றேன்.

"உந்த மதில் ஏறினவருக்குக் கூரை ஏறத் தெரியாமல் இருக்காதாம். உஸ்திக்காவிலை மனிசிக்கு ஒரு பழைய வீடு இருக்காம். கூரை ஒழுகுதாம், தண்ணித்தொட்டி வெடிச்சுப் போச்சாம். கோடை முழுக்க அங்கை நிண்டு திருத்திக் குடுத்தால் முறைப்பாட்டை எடுப்பாவாம். சாப்பாடு தருவாவாம்."

"உஸ்திக்கா எண்டால்?"

"கடலுக்குள்ளை ஒரு சின்னத் தீவப்பா. கப்பலிலைதான் போகவேணும்." மகள் கொஞ்சம் தயங்கினாள். "முந்திக் கள்ளரைக் கொண்டுபோய் விட்ட இடமாம்."

சிஞ்ஞோரா அப்போதுதான் கேக்கை ஒரு துண்டு வெட்டினாள்.

ஜூன் மாதத்தில் மருமகனைத் துறைமுகத்தில் ஏற்றிவிட்டோம். அந்தக் காலத்துக் கைதிகளை அரசாங்கம் தன் செலவில் அனுப்பியது. எங்கள் கைதி தானே டிக்கெட் எடுத்தார். அவரைச் சுற்றி நீச்சலுடைப் பைகளோடு நின்றவர்களும் காசு கொடுத்துத்தான் அந்தத் தீவுக்குப் போனார்கள்.

அந்தக் கோடை எனக்குப் பொல்லாததாக இருந்தது. எண்பத்தாறு வயது மனிசி, வெயிலோ நெருப்பு. கையொப்பம் இடுவதற்கு முன் கண்ணை மூடிவிட்டால்? சூடு ஏறிய நாளெல்லாம் அவள் சுகம் விசாரிக்கச் சொல்லி மகளைத் தொல்லைப்படுத்தினேன். ஒரு முறைப்பாட்டுக்காரியின் நீண்ட ஆயுளுக்காக இவ்வளவு செபமாலை சொன்ன குடும்பம் பலெர்மோவில் வேறு இருக்காது.

அவள் சாகவில்லை. செப்டெம்பரில் வந்து கையொப்பம் இட்டாள். பேரீச்சையில் புதிதாக இரண்டு குருத்து வந்திருப்பதாகவும், அடுத்த முறை மதிலில் ஏறாமல் கதவைத் தட்டும்படியும் சொன்னாள். கதவைத் தட்டியதால்தானே பிடிபட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் என் காலை மிதித்தாள்.

தண்டனை முடிந்துவிட்டது. மருமகன் வரவில்லை. கூரையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தன் கூரையையும் காட்டினாராம். பிறகு இன்னொருவர். இப்போது சம்பளத்துக்கு. சிஞ்ஞோராவும் தன் தீவு வீட்டிலேயே இருந்து அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம். மகள் அங்குள்ள பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பாடத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. தண்டனைக் காலம் முடிந்தவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலானோர் திரும்பவில்லை, அங்கேயே குடியேறினார்கள் என்று எழுதினால் இரண்டு புள்ளி. பின்னால் விடப்பட்ட கிழவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

"நீங்களும் வாறியளோ அப்பா?" என்றாள் மகள் நேற்று.

"கோயில் இருக்கோ?"

"ஓம், ஒண்டு."

"டொக்டர்?"

"ஒராள் இருக்கிறார்."

"பஸ்?"

"அதுவும் ஒண்டுதான். எல்லாம் ஒவ்வொண்டு. அங்கை வந்தால் எண்ணுறதுக்கு உங்களுக்கு ஒண்டுமிராது."

அதுதான் யோசனையாக இருக்கிறது. பெட்டியை மட்டும் அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன்.